குழாயின் முன்புறமும் பின்புறமும்

விளம்பர வாசகமும் ஒரு வசனநடையே. நாவலும் சிறுகதையும் எட்டாத வீடுகளுக்குள் அது நாள்தோறும் நுழைகிறது. மனிதர் தம் முகத்தைப் பற்றித் தாமே கொள்ளும் எண்ணத்தையும் அது மாற்றிவிடுகிறது. இத்துணை வலிமை வாய்ந்த எழுத்தை விமரிசகர் தீண்டாமல் விடுவது முறையாகாது.

அச்சுவேலிச் சந்தைக்கு அண்மையிலுள்ள கடையொன்றில் நம் மாணவி ஒருத்தி வாங்கிய சன்ஸ்கிரீன் குழாய் நம் கைக்கு வந்தது. உயர்தர வகுப்பிற் பயிலும் அவளுக்கு எண்ணெய் வடியும் முகம். பூசத் தொடங்கி மூன்று கிழமைக்குள் நெற்றியிலும் தாடையிலும் பருக்கள் திரண்டன. களிம்பைக் குறை கூற அவளுக்குத் தோன்றவில்லை. தன் முகத்தையே நொந்துகொண்டாள். நாம் அக்குழாயை ஒரு நூலைப் படிப்பதுபோல முன்னட்டையிலிருந்து பின்னட்டை வரை படித்தோம்.

முன்புறத்தில் மூன்று சொற்கள் பெரிய எழுத்தில் நிற்கின்றன: வெண்மை, பொலிவு, பாதுகாப்பு. விற்பனையாளரின் உள்ளத்தைச் சொற்களின் வரிசையே காட்டிவிடுகிறது. வெயிலுக்குக் காப்பாக வந்த பொருள், கருமைக்குப் பகையாக விற்கப்படுகிறது. இது புதிய தந்திரமன்று. 1975இல் இந்தியாவில் தோன்றிய ‘ஃபெயர் அண்ட் லவ்லி’ பல தலைமுறைப் பெண்களுக்கு இப்பாடத்தையே ஓதிற்று. உலகெங்கும் நிறவெறிக்கெதிரான குரல் ஓங்கிய 2020இல் அதன் பெயர் ‘க்ளோ அண்ட் லவ்லி’ என மாறியது. ஒரு சொல் போயிற்று. அச்சொல்லால் வளர்ந்த வேட்கை அப்படியே இருக்கிறது.

பழந்தமிழ் பயின்றோர்க்கு இதில் ஒரு விந்தை தோன்றும். சங்கப் பாடல்களில் தலைவியின் அழகு மாமை. மாந்தளிரின் நிறமென உரைகாரர் அதனை விளக்குவர். பிரிவினால் அந்நிறம் வெளிறிப் பசலை படர்வதே அங்கு துன்பம். வெளிறுதலை நோயாகக் கண்ட மொழியிலே, வெளிறுதலை வரமாக விற்கிறார்கள்.

இனிப் பின்புறம். அங்கே எழுத்து எறும்பளவு. பயனுள்ள செய்தி யாவும் அங்கேதான் ஒளிந்திருக்கிறது. எஸ்.பி.எஃப். என்னும் எண், தோலைச் சிவக்கச் செய்யும் யூ.வி.பி. கதிரைத் தடுக்கும் ஆற்றலைக் குறிப்பது. 15 என்றால் ஏறத்தாழ 93 வீதமும், 30 என்றால் 97 வீதமும், 50 என்றால் 98 வீதமும் தடுக்கப்படும். முப்பதுக்கும் ஐம்பதுக்கும் இடையே விலையிற் காணும் தூரம் காப்பிற் காணப்படுவதில்லை. இன்னும் ஆழமாக ஊடுருவும் யூ.வி.ஏ. கதிருக்கு அவ்வெண் பொறுப்பேற்காது. அதற்குப் ‘பி.ஏ.’ என்ற குறியும் அதனையடுத்த கூட்டற்குறிகளும் உண்டா என்று பார்த்தல் வேண்டும். ‘பிரோட் ஸ்பெக்ட்ரம்’ என்ற தொடரும் இதற்கே உரியது.

எண்ணெய் முகத்தார் நோக்க வேண்டியது களிம்பின் உடல். நம் மாணவியின் குழாயில் இருந்தது வெண்ணெய்போற் கெட்டியான, கொழுப்பு மிகுந்த பசை. அவளுக்குத் தக்கது நீர்த்தன்மையுள்ள ஜெல், அல்லது மெல்லிய லோஷன். துளைகளை அடைக்காது என்னும் பொருளில் ‘நொன்கொமெடோஜெனிக்’ என்று சில குழாய்களில் அச்சிட்டிருக்கும். அச்சொல்லுக்கு யாவரும் ஒப்பிய கட்டாய அளவுகோல் இல்லை. ஆதலால் அதனை வாக்குறுதியாகக் கொள்ளாது ஒரு குறிப்பாகவே கொள்க. தாடையோரத்திற் சில நாள் பூசிப் பார்த்து, பரு எழாவிடின் முகமெங்கும் பூசலாம். துத்தநாக ஒட்சைட்டு உள்ளவை பலர் தோலுக்கு உறுத்தாதவை. ஆனால் நம்மவரின் கரிய முகத்தில் அவை திருநீறு பூசியதுபோல் நிற்கும். இரும்பு ஒட்சைட்டினால் நிறமேற்றியவை அவ்வாறு தெரிவதில்லை. முகத்தைக் கழுவி, ஈரம் உலர்ந்தபின் பூசி, கால் மணி நேரம் கழித்து வெளியே செல்வது நன்று. வியர்த்தால் தேய்க்காமல் ஒற்றியெடுத்து மீண்டும் பூச வேண்டும். தேங்காயெண்ணெயே போதுமென்பார் நம்மூரில் உளர். அது வெயிலையும் போதியளவு தடுக்காது, பருவையும் வளர்க்கும்.

கரிய தோலுக்கு இது எதற்கு என்ற வினாவும் எழும். மெலனின் இயற்கைக் காப்புத்தான். வெளிறிய தோலினர் எரிவதுபோல் நாம் எரிவதில்லை. எனினும் மங்கும், பரு ஆறிய தழும்பும் வெயிலால் மேலும் கறுக்கும். சித்திரைப் பிறப்பையொட்டியும் ஆவணியிலும் ஞாயிறு யாழ்ப்பாணத்தின் நேருச்சியில் நிற்கிறது.

முன்புறமும் பின்புறமும் சொல்லாத ஒன்றுண்டு: கணக்கு. எஸ்.பி.எஃப். எண், தோலின் ஒரு சதுர சென்ரிமீற்றருக்கு 2 மில்லிகிராம் பூசி அளக்கப்பட்டது. முகத்துக்கும் கழுத்துக்கும் இரு விரல் நீளம், ஏறக்குறைய 1 கிராம். பெரும்பாலார் இதிற் பாதியும் பூசுவதில்லை. வெயிலில் நிற்போர் இரண்டு மணிக்கொருமுறை பூச வேண்டும். நாளைக்கு இருமுறை பூசினாலே 50 கிராம் குழாய் இருபத்தைந்து நாளில் தீர்ந்துவிடும். இவ்வளவில் எக்குடும்பம் வாங்கும்?

நம் மாணவி ஜெல்லுக்கு மாறினாள். முகம் மெல்லத் தெளிகிறது. அவளுடைய தாய் செம்பாட்டுத் தோட்டங்களில் வெங்காயத்துக்குக் களை பிடுங்கக் கூலிக்குச் செல்பவர். மகள் தன் குழாயை அவரிடம் நீட்டினாளாம். “வேர்வையிலை எல்லாம் வழிஞ்சு போடும் பிள்ளை, நீ பூசு” என்றாராம் தாய். அவர் சொன்னதில் விஞ்ஞானப் பிழையில்லை. அவர்க்கு ஏற்றவை அகன்ற பனையோலைத் தொப்பியும் நீண்ட கைச்சட்டையுமே. அவற்றினும் மேலானது, முற்பகல் பத்து மணி முதல் பிற்பகல் மூன்று மணி வரை நிழலில் இருத்தல். அந்த நேரத்தைத் தீர்மானிப்பவர் தோட்டத்துச் சொந்தக்காரர். அவரிடம் இதைப் பேசச் சென்றோம். வெங்காயம் வெயிலைப் பார்த்து வளருவதில்லை என்றார்.