மணலில் ஓர் உவமை

கம்போங் ராஜாவின் தேயிலைச் சரிவில் நின்றால் கடல் தெரியாது. விடுமுறைக்குக் கடற்கரை சென்று மீளும் பிள்ளைகள்தாம் புட்டியில் மணலை அள்ளி வருவர். அதை நுண்ணோக்கியில் இட்டுக் காட்டினால், "ஐயா, குட்டிச் சங்கு!" என்பர். 1665-இல் வெளிவந்த 'மைக்ரோகிராஃபியா' என்னும் நூலில் ராபர்ட் ஹூக்கும் ஏறத்தாழ இதையே எழுதினார்.

மணலைப் பற்றிய பகுதியில் அவர் வரைந்த படம் ஒன்று உண்டு. ஊசிமுனை அளவான துகள், கண்ணாடியின் கீழே சுருள் ஓடாக விரிகின்றது. சிறு நீர்நத்தையின் ஓட்டினை ஒக்கும் என்றார். உவமை பொருத்தமே. ஆனால் எவ்வகையில் பொருத்தம்? வினை, பயன், மெய், உரு என உவமம் தோன்றும் வகைகளை நான்காக்கினார் தொல்காப்பியர். மெய்யாவது வடிவு. ஹூக்கின் உவமை மெய்யுவமம், அதற்குமேல் ஒன்றுமில்லை.

பின்வந்தோர் அந்த எல்லையை மறந்தனர். பிரஞ்சு அறிஞர் ஆல்சீட் டோர்பினி 1826-இல் இவ்வோடுகளைத் தனி வரிசையாக்கி, அறைகளுக்கு இடையிலுள்ள துளையைக் கொண்டு 'ஃபொராமினிஃபெரா' எனப் பெயரிட்டார். அவற்றின் வடிவங்களைப் பெரிதாக்கி மாதிரிகளும் செய்தளித்தார். அத்துணைக் கூரிய கண்ணினர், அவற்றைக் கணவாய் இனத்தோடு சேர்த்தது விந்தையே! நாட்டிலஸ் என்னும் கணவாய் இனத்துக்கும் அறை அறையான ஓடு உண்டு. அவ்வொப்புமையே அவரை இழுத்துச் சென்றது. ஓர் ஓட்டினைக் கண்டு உவமை சொன்ன ஹூக்கைக் குறைகூற மாட்டேன். உவமையையே இனமாக்கியது டோர்பினியின் குறைதான்.

1835-இல் ஃபெலிக்ஸ் துழார்தான் உயிருள்ளவற்றை நோக்கினார். கணவாய்க்குரிய உறுப்பு எதுவும் இல்லை. கூழ்போன்ற பொருளே இழையிழையாக வெளியே நீண்டு மீள்கின்றது. இவை ஓரணு உயிர்கள் என்பது பின்னர்த் தெளிவாயிற்று.

நம்மைச் சூழ்ந்த கடல்களும் இவ்வாராய்ச்சிக்குப் புறம்பல்ல. மலாய்த் தீவுக்கூட்டத்து ஓடுகளை மில்லெட் என்பார் 1898 முதல் 1904 வரை லண்டன் அரச நுண்ணோக்கிக் கழகத்தின் இதழில் விரித்துரைத்தார். பாம்பனை அடுத்த குருசடைத் தீவின் ஓடுகளை ஞானமுத்து 1943-இல் சென்னை அருங்காட்சியக வெளியீட்டில் விளக்கினார்.

இவற்றைத் தமிழில் சொல்லப் புகுவோர் 'நுண்சங்கு' என எழுதிவிடின், 1826-இன் பிழை நம் வகுப்பறைக்குள் நுழையும். மூலச்சொல்லின் பொருள் பற்றித் 'துளைதாங்கி' எனலாம் என்பது என் கருத்து. செவிக்குச் சற்றே கரடுதான். இதனினும் ஏற்றதொரு சொல் இருப்பின் ஆசிரிய நண்பர்கள் எழுதுவார்களாக.