சத்தும் ருசியும்

2025 மே மாதத்தில் மத்திய இடைநிலைக் கல்வி வாரியம், தன்னைச் சேர்ந்த பள்ளிகளிலெல்லாம் 'சர்க்கரைப் பலகை' மாட்டும்படி ஒரு சுற்றறிக்கை அனுப்பிற்று. எந்தப் பானத்தில், எந்தப் பண்டத்தில் எவ்வளவு சர்க்கரை என்று பிள்ளைகள் படித்துத் தெரிந்துகொள்ள வேண்டுமாம். 4 முதல் 10 வயது வரையுள்ள பிள்ளைகள் சாப்பிடுவதில் கிடைக்கும் சக்தியில் நூற்றுக்கு 13 பங்கு சர்க்கரையிலிருந்து வருகிறது; பெரிய பிள்ளைகளுக்கு 15 பங்கு. 5 பங்குக்கு மேல் கூடாது என்பது அறிக்கையின் கணக்கு. கணக்கோடு எனக்குச் சண்டையில்லை. ஆனால் பலகையைப் படித்து நாக்குத் திருந்திய பிள்ளையை நான் இன்னும் பார்க்கவில்லை. உபதேசத்துக்காகவே எழுதப்பட்ட நாவல் என்ன கதியை அடைகிறதோ, அந்தக் கதிதான் இந்தப் பலகைக்கும்.

பலகை மாட்டுகிற பள்ளிகள் வேறு, சத்துணவு போடுகிற பள்ளிகள் வேறு என்பது உண்மைதான். பிள்ளைகளின் நாக்கு ஒன்றுதானே? சத்துணவின் சரித்திரத்தில் இதற்குப் பாடம் இருக்கிறது.

1920-ல் பிட்டி தியாகராயர் காலத்தில் சென்னை ஆயிரம் விளக்குப் பள்ளியில் போட்ட சோறும், 1956-ல் காமராஜர் போட்ட சோறும் பசிக்குப் போட்டவை. பசித்த பிள்ளை படிக்காது என்ற ஒரே நியாயம் போதுமானதாக இருந்தது. 1982-ல் எம்.ஜி.ஆர். திட்டத்தைப் பெரிதாக்கியபோது 'சத்துணவு' என்ற பெயர் வந்தது. இந்தப் பெயரோடு எனக்குக் கொஞ்சம் மனத்தாங்கல் உண்டு. சத்து என்பது டாக்டர் பார்க்கிற விஷயம். பிள்ளை பார்ப்பது குழம்பில் உப்பு சரியாக இருக்கிறதா என்பதை. 1989-ல் இரண்டு வாரத்துக்கு ஒன்றாக முட்டை வந்தது. 2010-ல் வாரத்துக்கு ஐந்து ஆயிற்று. பெரிய காரியம், மறுக்கவில்லை. ஆனால் நாள் தவறாமல் அதே சாம்பார் சாதம் என்றால் யாருக்குத்தான் அலுக்காது?

2013-ல்தான், முதலில் சில இடங்களில் சோதனையாக, கலவை சாதங்கள் வந்தன. கறிவேப்பிலை சாதம், கீரை சாதம், எலுமிச்சை சாதம், மிளகு போட்ட முட்டை. கறிவேப்பிலையைக் குழம்பில் போட்டால் பிள்ளை பொறுக்கித் தட்டோரத்தில் ஒதுக்கிவிடும். பொடித்துச் சோற்றோடு கலந்துவிட்டால் எதை ஒதுக்குவது? எந்தப் பாட்டிக்கும் தெரிந்த யுக்தி இது. சர்க்காருக்குத் தெரிய 31 வருஷம் ஆயிற்று.

பள்ளி வாசலிலிருந்து 50 மீட்டருக்குள் கொழுப்பும் உப்பும் சர்க்கரையும் மிகுந்த பண்டங்களை விற்கக்கூடாதென்று 2020-ல் ஒரு விதி செய்தார்கள். நல்ல விதிதான். ஆனால் 51-வது மீட்டரில் பொட்டலங்கள் தோரணம் கட்டித் தொங்கினால் சட்டம் என்ன செய்யும்? கொய்யாவும் நெல்லிக்காயும் விற்கிற கூடைக்காரிக்கு இந்த விதியால் தடையே இல்லை. அவளை வாசலிலேயே உட்காரச் சொல்லலாம். யாரும் சொல்வதில்லை. (உப்பும் மிளகாய்த்தூளும் அவள் கொஞ்சம் தாராளமாகத்தான் தூவுவாள், அதற்காக அவள்மேல் வழக்குப் போட வேண்டியதில்லை.)

எந்தக் கிழமை என்ன சமைப்பது என்று மேலிடத்தில் தீர்மானித்து, பட்டியலைச் சுவரில் எழுதிவிடுகிறார்கள். அரிசி எத்தனை கிராம், பருப்பு எத்தனை கிராம் என்று கணக்குத் திட்டமாக இருக்கிறது. தட்டிலிருந்து எவ்வளவு குப்பைத் தொட்டிக்குப் போயிற்று என்பதற்கு எந்தப் பேரேட்டிலாவது ஒரு பத்தி உண்டா? எந்தக் கிழமைச் சோறு மிஞ்சுகிறது, எந்தக் கிழமை இரண்டாம் தடவை தட்டை நீட்டுகிறார்கள் என்பது பாத்திரம் கழுவுகிற ஆயாவுக்குத் தெரியும். அடுத்த பட்டியல் போடும்போது அவளையும் ஒரு நாற்காலியில் உட்கார வைத்துக் கேட்கலாம்.