குளிர்நீரில் பிறந்த பாணிகள்: பென்சில்வேனியாவின் கோடை டிரவுட் மரபு

பென்சில்வேனியாவின் கம்பர்லண்டு பள்ளத்தாக்கில் ஜூலை மாதப் புழுக்கம் சென்னைக்காரரையே நிழல் தேட வைக்கும். மக்காச்சோளம் ஆளுயரம் வளர்ந்து நிற்கும். தார்ச்சாலையில் கானல் ஓடும். ஆனால் கார்லைல் ஊர் வழியாகப் போகும் லெட்டார்ட் ஓடையில் காலை வைத்தால் முழங்கால்வரை விறைத்துவிடும். சுண்ணாம்புப் பாறைக்கு அடியிலிருந்து ஊறிவரும் தண்ணீர் அது. கோடையோ பனிக்காலமோ, ஊற்றுக்கண்ணில் வெப்பம் 10, 11 டிகிரி செல்சியஸை ஒட்டியே நிற்கும்.

டிரவுட் குளிர்நீர் மீன். தண்ணீர் சூடேற ஏற அதில் கரைந்திருக்கும் பிராணவாயு குறைகிறது. மீனின் உடம்போ அதே நேரத்தில்தான் கூடுதலாகக் கேட்கிறது. 20 டிகிரியைத் தாண்டினால் அதற்குத் தவிப்பு தொடங்கிவிடும். மற்ற ஓடைகளில் டிரவுட் பதுங்கிக் கிடக்கும் ஆடி மாதத்திலும் இந்த ஊற்று ஓடைகளில் அது நிதானமாக மேலே வந்து இரையெடுக்கும். கோடைக்கென்றே ஒரு தூண்டில் மரபு இந்த வட்டாரத்தில் கிளைத்ததற்கு வேர் இங்கேதான் இருக்கிறது.

ஃப்ளை ஃபிஷிங் பழக்கமில்லாத வாசகருக்குச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். புழு, இறைச்சி எதுவும் கிடையாது. சின்னஞ்சிறு கொக்கியில் இறகும் நூலும் ரோமமும் சுற்றிப் பூச்சி மாதிரி கட்டியதுதான் ஃப்ளை. அதற்கு எடையே இல்லாததால் கனமான நூலை முன்னும் பின்னும் வீசி, அந்த நூலின் வேகத்தில் ஃப்ளையைக் கொண்டுபோய் வைக்க வேண்டும். வைத்தபின் அது நீரோட்டத்தின் போக்கிலேயே மிதந்து போக வேண்டும். நூல் அதை ஒரு விரற்கடை பக்கவாட்டில் இழுத்தாலும் மீன் திரும்பிவிடும். பிடித்த மீனை எண்ணுவதைவிட அந்த இழுப்பில்லாத மிதவையைப் பார்த்துத்தான் இக்கலையில் ஒருவரை எடைபோடுவார்கள்.

பாணிகளை ஆசான்களின் பெயரால் பிரிப்பது வழக்கம். எனக்கு அவற்றைத் தண்ணீரின் பெயரால் பிரிப்பதே சரியாகப் படுகிறது. ஒவ்வொரு பாணியும் ஒரு குறிப்பிட்ட ஓடை கேட்ட கேள்விக்குக் கிடைத்த பதில். ஒரு நீருக்கு உரிய அளவுகோலை இன்னொரு நீரில் சட்டமாக்கியபோதெல்லாம் சண்டைதான் மிஞ்சியிருக்கிறது.

முதற்சண்டை இங்கிலாந்தில் நடந்தது. ஹாம்ப்ஷயரின் டெஸ்ட், இட்சன் ஆறுகள் வெண்சுண்ணக் குன்றுகளில் ஊறுபவை. கண்ணாடி போலத் தெளிந்து, மெல்ல நகர்பவை. அங்கே மீன் இரையெடுப்பதைக் கரையில் நின்றே பார்க்கலாம். பிரெடரிக் ஹால்ஃபோர்ட் அந்த ஆறுகளில் கற்றதை 1886இலும் 1889இலும் நூல்களாக்கினார். மேலே வரும் மீனைக் கண்ணால் கண்டபிறகே வீச வேண்டும். நீரோட்டத்துக்கு எதிராகவே வீச வேண்டும். அந்நேரம் பறக்கும் பூச்சியை ஒத்த உலர்ந்த ஃப்ளை மிதந்தே வர வேண்டும் என்பது அவர் வகுத்த நெறி. நுட்பமான நெறிதான். அவரைப் பின்பற்றியவர்கள் அதை வேதமாக்கிவிட்டார்கள். இட்சன் கரையில் பல்லாண்டுகள் மீன்பிடித்த வழக்கறிஞர் ஸ்க்யூஸ், டிரவுட் பெரும்பாலும் நீருக்கு அடியில்தான் தின்கிறது, அடியில் நீந்தும் இளம்பூச்சியான நிம்ஃபைக் காட்டுவதில் குற்றமென்ன என்று 1910இல் எழுதினார். அந்த வழக்கு லண்டன் சங்கங்களில் பல பத்தாண்டுகள் ஓடியது. இருவரில் மீனை நன்றாகக் கவனித்தவர் ஸ்க்யூஸ் என்பது என் முடிவு. ஆனால் கண்ட மீனுக்கு மட்டுமே வீசும் அடக்கத்தை நமக்குத் தந்தவர் ஹால்ஃபோர்ட். இரண்டையும் விட முடியாது.

அமெரிக்காவுக்கு உலர் ஃப்ளை வந்த கதையிலும் பென்சில்வேனியாவுக்குப் பங்குண்டு. பிட்ஸ்பர்க்கில் பிறந்த தியடோர் கார்டன் 1890இல் ஹால்ஃபோர்டுக்குக் கடிதம் எழுதி மாதிரி ஃப்ளைகளைத் தருவித்தார். அவர் குடியேறிய நியூயார்க்கின் கேட்ஸ்கில் மலை ஆறுகளோ பாறைகளில் மோதி நுரைத்து ஓடுபவை. ஹாம்ப்ஷயரில் மிதந்த ஃப்ளை அங்கே மூழ்கும். அவர் விறைப்பான சேவல் இறகைக் கொண்டு, அமெரிக்கப் பூச்சிகளைப் பார்த்து, உயர்ந்து மிதக்கும் ஃப்ளைகளைக் கட்டினார். கேட்ஸ்கில் பாணி பிறந்தது இப்படித்தான்.

பென்சில்வேனியாவின் கிழக்கில் பிராட்ஹெட் ஓடையில் வேறொரு கிளை. ஆலன்டவுன்காரரான ஜிம் லைசன்ரிங் ஸ்க்யூஸோடு கடிதத் தொடர்பு வைத்திருந்தவர். ஈர ஃப்ளை கட்டுவது பற்றி 1941இல் ஒரு சிறிய நூல் தந்தார். மீன் நிற்குமிடத்துக்கு மேலே ஃப்ளையை விட்டு அடிவரை மூழ்கவிடுவார். மீனை நெருங்கும் நேரத்தில் கோலை அப்படியே நிறுத்திவிடுவார். நீரோட்டமே ஃப்ளையை மேலே தூக்கும். அடியிலிருந்து இறகு விரிக்க மேலேறும் பூச்சியின் அசைவு அதில் வந்துவிடும். கையால் எதுவும் செய்யாமல் நிறுத்தத் தெரிவதில் இருக்கிறது அந்த வித்தை. இன்று பலர் அவர் பெயரைச் சொல்லி ஃப்ளையை வெடுக்கென்று இழுக்கிறார்கள்; அது லைசன்ரிங் பாணி ஆகாது.

லெட்டார்டுக்கு வருவோம். கோடை மரபு முழு உருவம் பெற்ற இடம் அதுதான். 1940களில் வின்சென்ட் மாரினாரோவும் சார்லஸ் ஃபாக்ஸும் இந்தப் புல்வெளிக் கரையில் ஒரு புதிரோடு மல்லுக்கட்டினார்கள். வெயில் ஏறிய நேரம். பெரிய பூச்சி எதுவும் பறக்கவில்லை. இருந்தும் டிரவுட்டுகள் சளைக்காமல் மேற்பரப்பில் எதையோ உறிஞ்சிக்கொண்டிருந்தன. எந்த ஃப்ளையையும் சட்டை செய்யவில்லை. மாரினாரோ கரையில் குப்புறப் படுத்து நீர்மட்டத்துக்குக் கண்ணைக் கொண்டுபோய்ப் பார்த்தார். நெருங்கிய கண்ணி கொண்ட வலைத்துணியால் நீரை வடித்தும் பார்த்தார். துணியில் ஒட்டியவை தரையில் வாழும் நுண்பூச்சிகள்: எறும்பு, சிறுவண்டு, புல்லிலிருந்து தவறி விழுந்த பச்சைத் தத்துப்பூச்சி. ஹால்ஃபோர்டின் பட்டியலில் இவற்றுக்கு முக்கிய இடமே இல்லை. கரைவரை புல் செழித்த, மெல்ல ஓடும் ஓடையில் ஜூலை மாதத்து மீனுக்கோ அன்றாடச் சாப்பாடே இவைதான்.

அதற்கு அவர் கட்டிய ஜாஸிட் என்ற ஃப்ளையைக் கொஞ்சம் கிட்டத்தில் பார்க்க வேண்டும். 20, 22 எண் கொக்கி. ஒரு நெல்மணி நீளம்கூட இராது. அதில் கறுப்பு நூல். உடல் நெடுகச் சேவலின் சிறிய இறகை நெருக்கமாகச் சுற்றி, மேலும் கீழும் கத்தரித்துத் தட்டையாக்க வேண்டும். அதன் முதுகில் காட்டுக்கோழிக் கழுத்து இறகின் ஒரே ஒரு பொட்டைப் படுக்கையாக வைத்து முடிச்சிட வேண்டும். அவ்வளவே. மெழுகு பூசியது போல் மின்னும் அந்தப் பொட்டு ஒளியை மறைத்து, கீழிருந்து பார்க்கும் மீனுக்குத் தத்துப்பூச்சியின் நிழலுருவைக் காட்டிவிடும். மிதக்கும் பூச்சியில் மீன் முதலில் காண்பது நிறத்தையா உருவத்தையா என்ற கேள்விக்கு மாரினாரோவின் பதில் இந்த ஃப்ளையில் இருக்கிறது: உருவமும் ஒளியும் முதலில், நிறம் பிறகு.

அந்த இறகு நம் ஊர்ப் பறவையுடையது. மேற்குத் தொடர்ச்சி மலையின் சாம்பல் காட்டுக்கோழிச் சேவலின் கழுத்தில் மட்டுமே அத்தகைய பொட்டுகள் உண்டு. குறுந்தொகைப் புலவர் ஒருவர் நீர்த்துளி விழும் கானங்கோழியின் பொறிக் கழுத்தைப் பாடியிருக்கிறார். அதே கழுத்து இறகு கப்பலேறி ஐரோப்பாவுக்கும் அமெரிக்காவுக்கும் போய்த் தூண்டில்காரர்களின் பெட்டியை நிறைத்தது. பறவை அருகிவரவே இந்தியா அந்த ஏற்றுமதியை நிறுத்தியது. மிகச் சரியான முடிவு. இன்று வளர்ப்புப் பறவையின் இறகையோ மாற்றுப் பொருளையோ வைத்துக் கட்டுகிறார்கள். மீன் வித்தியாசம் பார்ப்பதில்லை.

மாரினாரோவின் நூல் 1950இல் வந்தது; அதன் அருமை பரவலாக உணரப்பட்டது 1970இல் மறுபதிப்பு வந்தபிறகுதான். ஃப்ளைக்கு அடியில் மீன் பின்னோக்கி மிதந்தபடியே அதைச் சோதிப்பதை அவர் விவரித்திருக்கும் அழகுக்காகவே அந்த மரபைக் கற்கலாம். மூக்கு ஃப்ளையைத் தொடுமளவு நெருங்கி, கூடவே பின்வாங்கிக்கொண்டு போகும். பிடித்தால் உறிஞ்சும், பிடிக்காவிட்டால் ஒரு வாலசைவில் பழைய இடத்துக்குப் போய்விடும். தெளிந்த ஓடையில் இதை நேரில் பார்க்கும்போது நெஞ்சு அடித்துக்கொள்ளும். எட் ஷெங்க் இதே ஓடைக்காகக் கட்டிய வெட்டுக்கிளியும் கறுப்புச் சில்வண்டும் இன்றுவரை ஆகஸ்டு மாதத்தில் கைவிடாதவை.

பென் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் இதைப் பாடமாகவே கற்பித்த ஜார்ஜ் ஹார்வியின் பங்கு வேறு வகை. அவர் கவனம் ஃப்ளைக்கும் நூலுக்கும் இடையிலுள்ள லீடர் இழையில் இருந்தது. அந்த இழை சுருள்சுருளாகத் தளர்ந்து விழுமாறு அளவுகளை மாற்றி அமைத்தார். தளர்வு தீரும்வரை ஃப்ளை இழுபடாது. புதிதாகத் தொடங்குகிறவர் ஐம்பது ஃப்ளை வாங்குவதற்குமுன் ஒரு நல்ல லீடர் கட்டக் கற்றுக்கொள்வது மேல்.

செக், போலந்து, பிரான்ஸ் நாடுகளின் போட்டிகளிலிருந்து வந்த கனமான நிம்ஃப் முறை இப்போது எங்கும் பரவியிருக்கிறது. மீன் எண்ணிக்கையில் அதை மிஞ்ச முடியாது. வேகமான ஆற்றில் அது நேர்மையான முறையே. ஆனால் லெட்டார்ட்டில் மேலே வந்து தின்னும் மீனுக்கு மணிகட்டிய நிம்ஃபை இறக்குகிறவர், அந்த ஓடை காட்டும் சிறந்த காட்சியைத் தானே இழக்கிறார்.

மலையோடைகள் தனி உலகம். ஹெம்லாக் மர நிழலில் பாறைக்குப் பாறை குதிக்கும் அவற்றில் இருப்பவை புரூக் டிரவுட்டுகள். பென்சில்வேனியாவின் மாநில மீன். இந்த நீரின் பூர்வகுடி. பெரும்பாலும் ஒரு சாண் நீளந்தான். எந்த ஃப்ளையையும் பாய்ந்து கவ்வும் அப்பாவிகள். அதனாலேயே இங்கு அளவுகோல் மாறுகிறது: பிடிப்பதில் திறமை வேண்டாம், நிறுத்துவதில் வேண்டும். சட்டைப்பையில் வெப்பமானி இல்லாமல் கோடையில் இந்த ஓடைகளுக்குப் போகவே கூடாது. 18 டிகிரியைத் தாண்டும்போதே நான் நூலைச் சுற்றிவிடுவேன். போராடிக் களைத்த மீனை எவ்வளவு மென்மையாக விட்டாலும் சூடான நீரில் அது பிழைப்பது அரிது.

கோலை மடக்கிய பிறகுதான் பீர். வழுக்குப் பாறையில் நிற்கும்போது குடிப்பது மடத்தனம். கரையேறி, ஈர உடையை மாற்றி, நிழலில் உட்கார்ந்தபின் குடிக்கும் பீருக்கு இம்மரபில் நிலையான இடமுண்டு. அது வெறும் பழக்கத்தால் வந்ததும் இல்லை. இங்குள்ள லாகர் பீரும் பழுப்பு டிரவுட்டும் ஒரே தேசத்திலிருந்து வந்தவை. ஜெர்மானியக் குடியேறிகள் லாகர் ஈஸ்ட்டை 1840 வாக்கில் பிலடெல்பியாவுக்குக் கொண்டுவந்தார்கள். பழுப்பு டிரவுட்டின் முட்டைகள் 1883இல் ஜெர்மனியிலிருந்து அமெரிக்கா வந்தன. இரண்டுக்கும் குளிர் வேண்டும். லாகர் ஈஸ்ட் குளிரில்தான் மெதுவாக நொதிக்கும், பிறகு வாரக்கணக்கில் குளிரிலேயே கிடந்து தெளியும். 1829இல் தொடங்கி இன்றும் நடக்கும் யூங்லிங் ஆலை, பாட்ஸ்வில் நகரில் மலைச்சரிவைக் கையால் குடைந்து நிலவறைகள் அமைத்தது அந்தக் குளிருக்காகத்தான்.

இங்குள்ள எந்த மதுக்கடையிலும் லாகர் என்று கேட்டால் யூங்லிங்கைத்தான் ஊற்றுவார்கள். செம்பழுப்பு நிறம், லேசான கருகல் இனிப்பு, 4.5 சதவீத ஆல்கஹால். மாலையில் அது போதும். நண்பகல் தாகத்துக்கு எனக்குப் பிடித்தது பில்ஸ்னர்: டவுனிங்டவுனில் தொடங்கிய விக்டரி ஆலை தரும் பிரைமா பில்ஸில் ஹாப்ஸின் கசப்பு நாக்கைக் கழுவிவிடும், ஹெர்ஷியின் டிரோக்ஸ் ஆலையின் சன்ஷைன் பில்ஸ் இன்னும் சாந்தமானது. 7, 8 சதவீத ஐபிஏ வகை பீர்களை வெயில் குடித்த உடம்பு தாங்காது. அவை பனிக்காலத்துக்கு இருக்கட்டும். ஐஸில் புதைத்த பீரில் மணம் தெரியாது. கேனை வலைப்பையில் போட்டு ஊற்று வாய்க்காலில் அரைமணி நேரம் கட்டிவைத்தால் மால்ட்டின் மணம் தெரியுமளவு குளிர்ந்துவிடும். கண்ணாடிப் புட்டி ஓடைப்பக்கம் வரக்கூடாது. காலிக் கேன் பைக்குள் திரும்ப வேண்டும்.

இவ்வளவையும் ஒரே மாலையில் காண விரும்புகிறவர் ஆகஸ்டு மூன்றாம் வாரத்தையொட்டி பாய்லிங் ஸ்பிரிங்ஸ் ஊருக்கு வரலாம். அங்கே யெல்லோ பிரீச்சஸ் ஆற்றில் ஊற்று நீர் கலக்கும் பகுதியில் அந்தி சாயும்போது வெள்ளை மேஃப்ளை என்னும் பூச்சிகள் கிளம்பும். ஆண்பூச்சிகள் பறந்தபடியே கடைசித் தோலை உரிக்கும். பெண்பூச்சிகள் அதற்கும் நிற்காமல் முட்டையிட்டு அன்றிரவே மாளும். இருட்டும்வரை ஆறே கொதிப்பது போல் டிரவுட்டுகள் மேலே வரும். 12 அல்லது 14 எண்ணில் வெள்ளை ஃப்ளை, முள்நீக்கிய கொக்கி, தலைவிளக்கு, வெப்பமானி. பிடித்ததை விட்டுவிட வேண்டிய பகுதி அது. 16 வயது நிரம்பியவர்களுக்கு மாநில மீன்பிடி உரிமமும் தனியே டிரவுட் அனுமதியும் வேண்டும். கூட்டம் சேருமுன் இடம் பிடிக்க ஆறு மணிக்கே வந்துவிடுங்கள். ஏற்கெனவே நிற்பவருக்கு மேல்புறம் நெருக்கிக்கொண்டு இறங்காதீர்கள்.