ராக்கு: பெயரும் கிண்ணமும்

ஜப்பானிய எழுத்துகளில் ‘ராக்கு’ என்று ஒலிக்கும் ஒன்று, இன்பத்தையும் இளைப்பாறலையும் ஒருசேரக் குறிப்பது. பௌத்தர்களின் இன்பவுலகாகிய ‘கொக்குராக்கு’ என்னும் சொல்லின் பின்பாதியும் அதே எழுத்துதான். (வல்லொற்றை விட்டுவிட்டால் தமிழில் அது பாம்புக் கிரகமாகிவிடும் என்பதால் இங்கே இரட்டித்தே எழுதப்படுகிறது.) இந்த எழுத்து கியோத்தோ நகரில் ஒரு குயவர் குடும்பத்தின் பெயராகவும், அக்குடும்பத்தின் தேநீர்க் கிண்ணங்களுக்கு உரிய பெயராகவும் நிற்க, அமெரிக்கச் சூளைகளிலோ குடும்பத்தோடு தொடர்பற்ற ஒரு சுடுமுறையின் பெயராக வழங்குகிறது.

பெயரின் வேர் ஓர் அரண்மனையில் இருக்கிறது. ஜப்பானின் அதிகாரத்தைத் தன் கைக்குள் கொண்டுவந்த தொயோத்தோமி ஹிதேயோஷி, 1587இல் கியோத்தோவில் ‘ஜுராக்குதாய்’ என்னும் மாளிகையைக் கட்டிமுடித்தார். ஏறக்குறைய அதே காலத்தில், தேநீர்ச் சடங்கின் பேராசானாகிய சென் நோ ரிக்கியூவின் ரசனைக்கேற்பக் கிண்ணங்கள் வனைந்தவர் சோஜிரோ. அவருடைய கிண்ணங்கள் முதலில் ‘இமாயாக்கி’, அதாவது ‘இக்காலத்து மண்கலம்’ என்றே அறியப்பட்டன. மாளிகையின் பெயரிலிருந்து ‘ராக்கு’ வந்து ஒட்டிக்கொண்டது பிறகுதான் என்பது மரபு. இதில் ஒரு முரண் உண்டு. கறுப்புக் கிண்ணத்தை ஹிதேயோஷி விரும்பவில்லை என்று அக்காலத்துத் தேநீர் நாட்குறிப்பு ஒன்று சொல்கிறது. அதைப் போற்றிய ரிக்கியூவோ 1591இல் அவருடைய ஆணைப்படியே தம் உயிரை மாய்த்துக்கொள்ள நேர்ந்தது. மாளிகையும் 1595இல் இடிக்கப்பட்டது.

சோஜிரோவின் கறுப்புக் கிண்ணம் சக்கரத்தில் சுழற்றி எடுக்கப்பட்டதன்று. களிமண்ணைத் தட்டையாகத் தட்டி, ஓரங்களை உள்ளங்கைகளால் மெல்ல மேலே எழுப்பி, பிறகு கத்தியால் செதுக்கி வடிவு தரும் முறை அது. ஆகவே அதன் வாய்விளிம்பு மட்டமாக இராமல், கவனித்துப் பார்த்தால் மட்டும் தெரியும்படி ஏறியிறங்கும். காமோ ஆற்றுக் கல்லை அரைத்துச் செய்த மெருகுக் குழம்பைப் பூசி, கரிச்சூளையில் துருத்தியால் காற்றூதிச் சுட்டு, மெருகு உருகிச் செந்தணலாய்க் கனலும்போதே நீண்ட குறட்டால் கவ்வி வெளியே எடுத்துவிடுவார்கள். அப்படித் திடீரென்று குளிர்வதால்தான் அந்தக் கறுப்பு பிறக்கிறது. குறடு கவ்விய தடம் கிண்ணத்தின் விலாவில் தங்கிவிட, அதை மறைக்க யாரும் முயல்வதில்லை. மண் முற்ற வெந்து இறுகாததால் சுவர் சூட்டை மெதுவாகவே கடத்தும்; உள்ளே தேநீர் கொதிப்பாக இருந்தாலும் ஏந்திய கைகளுக்கு இதமான வெதுவெதுப்பே எட்டும். பச்சைத் தேயிலைப் பொடியின் நுரை அந்த இருட்டுக்குள் ஒளிர்வதைப் பார்த்தவருக்கு, ரிக்கியூ கறுப்பைப் போற்றிய காரணத்தை விளக்க வேண்டியதில்லை.

சிறந்த கிண்ணங்கள் தனித்தனிப் பெயர் பெறுவதும் இம்மரபின் சுவைகளில் ஒன்று. சோஜிரோவின் கறுப்புக் கிண்ணம் ஒன்றின் பெயர் ‘ஷுன்கான்’. பன்னிரண்டாம் நூற்றாண்டில் தீவு ஒன்றுக்கு நாடுகடத்தப்பட்டு, உடனிருந்த இருவர் மன்னிப்புப் பெற்று ஊர் திரும்ப, தனியே விடப்பட்ட துறவியின் பெயர் அது. ரிக்கியூ தொலைவிலிருந்த சீடர் ஒருவருக்கு மூன்று கிண்ணங்களை அனுப்ப, இரண்டு திரும்பிவந்து இது மட்டும் அங்கேயே தங்கிவிட்டதால் இப்பெயர் பெற்றது என்கிறது வழிவழிக் கதை.

சோஜிரோவின் வழிவந்த ராக்கு குடும்பத்தின் தலைமையை ஏற்பவர் ‘கிச்சிசயேமோன்’ என்னும் பெயரையும் ஏற்கிறார். 2019இல் அது பதினாறாம் தலைமுறையின் கைக்கு வந்தது. பொறுப்பை விட்டவர் ‘ன்யூ’ என்று முடியும் இன்னொரு பெயருக்குள் ஒதுங்கிக்கொள்கிறார். ஒருவர் தேடிச் சேர்த்த களிமண்ணைப் பின்வரும் தலைமுறை வனைவது அவ்வீட்டு வழக்கமாகையால், பெயரைப் போலவே மண்ணும் கைமாறுகிறது.

ஜப்பானின் சுற்றுலா ஊர்களில் ‘ராக்குயாக்கி’ என்றால், வந்தவர்கள் தாமே படம் தீட்டி உடனே சுட்டு வாங்கிக்கொள்ளும் நினைவுப் பொருள். அதைத் தாழ்வாக எண்ண வேண்டியதில்லை. 1911இல் தோக்கியோவில் அத்தகைய ஒரு கூடுகையில் தாம் வரைந்த கலம் நெருப்பிலிருந்து வெளிவருவதைக் கண்டுதான் பெர்னார்ட் லீச் என்னும் ஆங்கிலேயர் மண்கலைக்கு வந்தார். அவர் எழுதிய நூலைப் படித்த அமெரிக்கக் குயவர் பால் சோல்ட்னர், 1960இல் கலிபோர்னியாவில் அம்முறையைச் சோதித்தபோது, செந்தணலான கலத்தை இலைகளுக்குள் புதைத்துப் புகையூட்டினார். அதிலிருந்து வளர்ந்த அமெரிக்க ராக்குவில் மெருகின் வெடிப்புகளில் புகை கறுத்துப் படிய, செம்பின் மினுமினுப்பு நிறம் நிறமாக மாறும். கண்ணைப் பறிக்கும் வேலைதான். ஆனால் அக்கலங்களில் பெரும்பாலானவை பருகத் தகாதவை, அலமாரியில் வைத்துப் பார்ப்பதற்கே உரியவை. நெருப்பை எடுத்துக்கொண்டு தேநீரை விட்டுவிட்ட ஒன்றுக்கு அதே பெயர் தகுமா என்று கியோத்தோக்காரர் கேட்டால், அதில் நியாயம் உண்டு.

பிற்காலத்துக் கிச்சிசயேமோன்கள் தம் கிண்ணத்தின் அடிப்பகுதியில் ‘ராக்கு’ முத்திரையைப் பதித்தனர். சோஜிரோவின் கிண்ணங்களைத் திருப்பிப் பார்த்தால் அந்த இடம் வெறுமையாக இருக்கிறது.