401: ஒரு காவல் முறை

இணையப் பக்கத்தைத் திறந்ததும் உலாவி தானாக நீட்டும் அந்தச் சின்னப் பெட்டி எனக்கு மிகவும் பிடிக்கும். பயனர் பெயர், கடவுச்சொல், அவ்வளவுதான். 1996இல் வெளிவந்த எச்டிடிபி 1.0 ஆவணத்திலேயே இந்தப் பெட்டியை வரவைக்கும் 'பேசிக்' அடையாளச் சரிபார்ப்பு முறை இருக்கிறது.

அதன் நடை அழகானது. வந்தவர் யாரென்று தெரியாவிட்டால் சர்வர் 401 என்ற எண்ணையும், எந்தப் பகுதிக்கு அனுமதி தேவையோ அதன் பெயரையும் அனுப்புகிறது. உலாவி பயனரிடம் கேட்டு, பெயரையும் கடவுச்சொல்லையும் ஒரு முக்காற்புள்ளியால் இணைத்து, பேஸ்64 எழுத்துகளாக்கித் திருப்பித் தருகிறது. பெயருக்குள் முக்காற்புள்ளி வரக்கூடாது; கடவுச்சொல்லுக்குள் வரலாம். ஆகவே சர்வரில் அதைப் படிக்கும் ஸ்கிரிப்ட் முதல் முக்காற்புள்ளியில் மட்டுமே பிரிக்க வேண்டும். எவ்வளவு நுணுக்கமான ஏற்பாடு! பிஎச்பியில் அந்த வேலையும் மிச்சம். இரண்டும் தனித்தனியாகவே கைக்கு வந்துவிடும்.

பேஸ்64 பூட்டு அல்ல, யாரும் நொடியில் அவிழ்க்கலாம். எச்டிடிபிஎஸ் இல்லாத இடத்தில் இதைத் தொடவே கூடாது. சர்வரில் கடவுச்சொல்லை அப்படியே எழுதி வைக்காமல், பிகிரிப்ட் போன்ற ஹாஷாகவே வைக்க வேண்டும். முறையான லாக்அவுட் இல்லாதது உண்மையான குறைதான்; ஊரே வந்துபோகும் தளத்துக்கு இது போதாது.

ஆனால் அலுவலகத்தில் நாலு பேர் மட்டும் பார்க்கும் அறிக்கைப் பக்கத்துக்கு குக்கி, செஷன், லாகின் படிவம் எதற்கு? சில வரி ஸ்கிரிப்ட் போதும். அடுத்த முறை இதையே முதலில் எழுதிப் பாருங்கள்.