சொல் பெயர்ந்தது, பொருள் பெயர்ந்ததா?

ஒருவரிடம் தற்கொலை எண்ணம் உள்ளதா என்பதை அறிய உளவியலார் வினாநிரல்களைக் கையாளுகின்றனர். இவற்றுட் பல அமெரிக்காவில் உருவானவை. ஆரன் பெக் குழுவினர் 1979-இல் வெளியிட்ட அளவுகோலில் 19 வினாக்கள் உண்டு. ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 2 வரை மதிப்பெண். இத்தகைய நிரல்களைச் சீன மொழி பேசுவோருக்கு ஏற்ப அமைக்கும் முயற்சி தேவையானதே. ஆனால் அதற்குக் கையாளப்படும் முறை போதுமானதா?

வழக்கமான முறை இது. ஒருவர் நிரலைச் சீனத்தில் பெயர்ப்பார். மூலத்தைக் காணாத மற்றொருவர் அதனை மீண்டும் ஆங்கிலமாக்குவார். இரண்டும் ஒத்திருந்தால் பெயர்ப்பு சரியெனக் கொள்வர். ரிச்சர்டு பிரிஸ்லின் 1970-இல் எழுதிய கட்டுரை இம்முறையைப் பரவச் செய்தது. இதனால் சொற்களின் ஒற்றுமை தெரியும்; விடையளிப்பவர் மனத்தில் எழும் பொருள் தெரியாது.

சீனத்தில் 'ட்சுஷா' என்பது 'தன்னைக் கொல்லுதல்' என்னும் நேர்ச்சொல். 'சிங்ஷெங்' என்பது 'உயிரை இலேசாக எண்ணுதல்' என்னும் இடக்கரடக்கல். எதனை வினாவில் வைக்கிறோமோ அதற்கேற்ப விடையும் மாறலாம். ஆங்கிலத்துக்குத் திரும்பும்போதோ இரண்டும் ஒரே சொல்லாகிவிடும்; வேறுபாடு மறைந்துபோகும்.

மற்றொரு சான்று: மார்ஷா லினெஹன் குழுவினர் 1983-இல் வெளியிட்ட 'வாழ்வதற்கான காரணங்கள்' நிரலில் 48 கூற்றுகள் உள்ளன. அவற்றுட் சில, உயிர் கடவுளுக்கே உரியது என்னும் நம்பிக்கையைச் சார்ந்தவை. அந்நம்பிக்கையோடு வளராத சீனர் ஒருவர் அவற்றை மறுத்தால், அது ஆபத்தின் அறிகுறியா, வளர்ப்பின் அறிகுறியா?

துயரை வெளியிடும் வழியும் வேறுபடுகிறது. சீனாவின் ஹூனானில் நரம்புத்தளர்ச்சி என்று குறிக்கப்பட்ட 100 நோயாளிகளை ஆர்தர் கிளைன்மன் ஆராய்ந்தார். அவர்களுள் 87 பேருக்கு உண்மையில் மனச்சோர்வு நோய் இருந்தது என்று 1982-இல் எழுதினார். அவர்களுட் பலர் கூறியதோ தலைவலியும் உறக்கமின்மையும்! துயரத்தைப் பற்றி மட்டும் கேட்கும் நிரல் இத்தகையோரைத் தவறவிடக்கூடும்.

ஆகவே, பெயர்த்த வினாவைப் படித்தவர் என்ன புரிந்துகொண்டார் என்று அவரையே கேட்டறிய வேண்டும். ஆபத்தைக் குறிக்கும் மதிப்பெண் எல்லையையும் அம்மக்களிடையே ஆராய்ந்தே வகுக்க வேண்டும். தற்கொலை எண்ணம் பற்றிக் கேட்பதே அவ்வெண்ணத்தை விதைத்துவிடும் என்னும் அச்சத்தை ஆய்வுகள் ஆதரிக்கவில்லை. எனவே கேட்கத் தயங்க வேண்டுவதில்லை. கேட்பது அவர் மொழியில், அவர் உணரும் பொருளில் இருக்க வேண்டும். இங்கே தவறிப்போவது மதிப்பெண் அன்று, ஓர் உயிர்.