குளுக்கோமீட்டர் காட்டாத எண்

குளுக்கோமீட்டர் வாங்கப் போனால் கடையில் சொல்வது மூணு விஷயம்: விலை, எத்தனை ரீடிங் சேமிக்கும், ப்ளூடூத் உண்டா. இந்த மெஷின் எவ்வளவு தப்பலாம் என்று யாரும் கேட்பதில்லை.

பதில் ஐஎஸ்ஓ 15197:2013 தரவிதியில் இருக்கிறது. லேப் அளவு 100-க்குக் கீழே என்றால் 15 மி.கி. கூடலாம், குறையலாம். 100, அதற்கு மேல் என்றால் 15 சதவீதம். நூற்றுக்கு 95 ரீடிங் இதற்குள் வந்தால் பாஸ். அதாவது உண்மையில் 180 என்றால் மீட்டர் 153-ம் காட்டலாம், 207-ம் காட்டலாம். திரையிலோ அடித்துச் சொல்கிற மாதிரி ஒரே எண். பிழை அளவை மறைக்கும் இந்த டிசைன்தான் என் முக்கியமான புகார்.

நேற்று 148, இன்று 160 என்று பதறுவதில் அர்த்தமில்லை. ஆனால் சர்க்கரை இறங்கும்போது இது விளையாட்டில்லை. உண்மையில் 60 இருக்க, 75 காட்டினாலும் விதிக்குள்தான். இன்சுலின் போடுபவர் ‘சரியாத்தான் இருக்கு’ என்று படுத்துவிடுவார். ரத்தசோகை இருந்தால் பல மீட்டர்கள் இன்னும் கூட்டியே காட்டும். வியர்வையும் நடுக்கமும் வந்தால், எண்ணை விட உடம்பை நம்புங்க.

வாங்கும்போது ஸ்ட்ரிப் விலையை முதலில் பாருங்க. மீட்டர் ஒரு தடவைச் செலவு, ஸ்ட்ரிப் மாசாமாசம். பெட்டிக்குள் உள்ள தாளில் மேலே சொன்ன தரவிதி எண்ணும் ஹீமாடோக்ரிட் வரம்பும் இருக்கா பாருங்க. கையைக் கழுவி, ஈரம் போகத் துடைத்துவிட்டுக் குத்துங்க. மாம்பழம் தொட்ட விரல் இல்லாத சர்க்கரையைக் காட்டும். அடுத்த தடவை லேபில் வெறும் வயிற்றில் ரத்தம் கொடுக்கும்போது, உடனே மீட்டரிலும் பார்த்து ரெண்டையும் எழுதி வைங்க. உங்க மெஷின் எவ்வளவு தப்புகிறது என்பது கொஞ்சம் கொஞ்சமாகப் பிடிபடும்.